‘தெர்செரோ’ என்றால் மூன்றா, ஒன்பதா? லத்தீனோ பிள்ளைகளின் இரண்டு நாட்டுப் படிப்பு

வைகைக்கரை | 2025 ஆகஸ்ட் 19, காலை

அமெரிக்காவுக்குப் பதின்ம வயதில் வந்து சேரும் லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வழி வந்த) பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளியைப் பாதியில் விடுவதற்கு ஆங்கிலம் வராததுதான் காரணம். வறுமை, பண்பாடு, அடையாளம் என்று எழுதுவதெல்லாம் சுற்றி வளைப்பு. மொழி வந்துவிட்டால் மற்றது தானாக வரும். மறுப்பவர்கள் வரலாம்.

கணக்குப்பிள்ளை | ஆகஸ்ட் 19, மதியம்

மறுக்கிறேன். ஆங்கிலம் மூன்றாவது காரணம். முதல் காரணம் கிரெடிட், அதாவது முடித்த பாடத்துக்குப் பள்ளி எண்ணும் புள்ளி. இரண்டாவது வயது.

மெக்சிகோவில் பள்ளி 6 + 3 + 3. பிரிமாரியா ஆறு வருடம், செகுந்தாரியா மூன்று, பிரெபா மூன்று. செகுந்தாரியாவின் மூன்றாம் ஆண்டை முடித்த பிள்ளை ஒன்பது வருடம் படித்திருக்கிறது. அதன் மதிப்பெண் தாளில் ‘தெர்செரோ’, அதாவது ‘மூன்றாவது’ என்று இருக்கும். அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்பு என்பது உயர்நிலைப் பள்ளியின் முதல் ஆண்டு. பள்ளிப் படிப்பை முடிக்கும் பட்டயத்துக்கான கிரெடிட் அங்கிருந்துதான் எண்ணப்படுகிறது. மெக்சிகோவிலோ அதே ஒன்பதாவது ஆண்டு நடுநிலைப் படிப்பின் கடைசி ஆண்டு. பதிவு மேசையில் இருப்பவர் ‘செகுந்தாரியாவா, நடுநிலைதானே’ என்று நினைத்தால் ஒரு முழு வருடம் பூஜ்யம். அதே ஒன்பதாம் வகுப்பில் மறுபடி உட்கார வைப்பார்கள்.

பதினாறு வயதில் வந்த பையன் 14 வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, 20 வயதில்தான் முடிப்பான் என்று முதல் நாளே கணக்குப் போட்டுவிடுவான். அந்தக் கணக்குக்கு ஆங்கிலம் தேவையில்லை.

எல்லைச்சாவடி | ஆகஸ்ட் 20

அண்ணன் சொன்னதோடு நாட்காட்டியையும் சேர்க்க வேண்டும். மெக்சிகோவின் பள்ளி ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி ஜூலையில் முடியும், அமெரிக்காவோடு ஏறக்குறைய ஒத்துப்போகும். குவாத்தமாலாவில் ஜனவரி முதல் அக்டோபர் வரை. எல் சால்வடோர், ஹோண்டுராஸ் இரண்டும் வருடத் தொடக்கத்தில் ஆரம்பித்து நவம்பர் வாக்கில் முடிப்பவை. அந்த நாடுகளிலிருந்து மார்ச்சில் கிளம்பும் பிள்ளைக்கு அங்கே வருடம் தொடங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருக்கும். இங்கே வருடம் முடிய இரண்டு மாதம்தான் இருக்கும். இரண்டு பக்கமும் பாதிக் கிரெடிட்கூடத் தேறாது.

இதில் ‘முந்தைய வருடத்தை முடித்தாயா’ என்று கேட்டால் பிள்ளை ‘இல்லை’ என்றே சொல்லும், இந்த வருடத்தை நினைத்துக்கொண்டு. ‘கடைசியாக எந்த வருடம் தேர்ச்சிச் சான்று கிடைத்தது’ என்று கேட்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை | ஆகஸ்ட் 20, இரவு

சொற்களால் நடக்கும் கூத்து தனி. ‘கொலேஹியோ’ என்றால் கல்லூரி இல்லை, பெரும்பாலும் தனியார் பள்ளி. ‘பச்சியெராத்தோ’ இளங்கலைப் பட்டம் இல்லை, மேல்நிலைப் படிப்பு. எல் சால்வடோரில் அடிப்படைக் கல்வி ஒன்பது வருடம், அதற்கு மேல் பொதுப் பச்சியெராத்தோ இரண்டு வருடம். அதனால் அங்கே ‘முதல் வருடப் பச்சியெராத்தோ’ என்பது இங்கே பத்தாம் வகுப்பு. குவாத்தமாலாவின் ‘முதல் பாசிக்கோ’ ஏழாம் வகுப்பு. நம்மூர் பியூசியைப் ‘பல்கலைக்கழகப் படிப்பு’ என்று மொழிபெயர்த்தால் எப்படி இருக்கும், அப்படி.

வைகைக்கரை | ஆகஸ்ட் 21

சரி, அப்படியானால் தாளை மதிப்பிடச் செய்தால் முடிந்தது. செய்ய வேண்டியது என்ன, வரிசையாகச் சொல்லுங்கள். வெறும் குறை வேண்டாம்.

கணக்குப்பிள்ளை | ஆகஸ்ட் 22

முதலில் இரண்டு தாள்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். ‘பொலேத்தா’ என்பது வருடாந்திர மதிப்பெண் அட்டை. ‘செர்திஃபிகாதோ’ என்பது ஒரு நிலையை முழுதாக முடித்ததற்கான சான்று. செர்திஃபிகாதோ மட்டும் கொண்டுவந்தால் பள்ளிக்குப் பாடவாரியான விவரம் கிடைக்காது, பொலேத்தா மட்டும் இருந்தால் முடித்தாரா என்ற சந்தேகம் வரும். இரண்டும் வேண்டும். மெக்சிகோக்காரர்கள் அந்நாட்டு அடையாள எண்ணான கூர்ப் எண்ணையும் வைத்திருக்க வேண்டும். பதினெட்டு எழுத்தும் எண்ணும் கலந்தது, அங்கே பள்ளிப் பதிவைத் தேட அதுதான் சாவி.

அடுத்து, ஒவ்வொரு தாளிலும் இருக்கும் வகுப்பைப் ‘பள்ளியில் சேர்ந்ததிலிருந்து எத்தனையாவது வருடம்’ என்று பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள். மூன்று நிமிட வேலை, ஒரு வருடத்தைக் காப்பாற்றும்.

பிறகு பாடம். கணிதத்துக்கு அங்கே அல்ஜீப்ரா, ஜியாமெட்ரி என்று தனித்தனிப் பெயர் கிடையாது, வெறும் ‘மத்தெமாத்திக்காஸ்’ தான். மூன்றாம் செகுந்தாரியாவில் இருபடிச் சமன்பாடு, பித்தாகரஸ், ஒத்த முக்கோணம் எல்லாம் வந்துவிடும். பெயர் பொருந்தவில்லை என்று தள்ளாமல், ஒரு அல்ஜீப்ரா நிலைத் தேர்வை ஸ்பானிஷில் கொடுத்தால் விஷயம் தெரிந்துவிடும். அதை ஆங்கிலத்தில் கொடுத்தால் நீங்கள் சோதிப்பது கணிதத்தை அல்ல.

கடைசியாக, வந்த முதல் வாரத்திலேயே இதைக் கேட்பது. கால அட்டவணை போட்ட பிறகு கிரெடிட் சேர்த்தால், ஏற்கெனவே முடித்த பாடத்திலேயே பிள்ளை ஜனவரி வரை உட்கார்ந்திருக்கும்.

கணக்குப்பிள்ளை | ஆகஸ்ட் 22, சற்று நேரம் கழித்து

மேலே ஒன்றை விட்டுவிட்டேன். பெயரும் தேதியும்.

மரியா குவாதலூப்பே எர்னாண்டெஸ் லோபெஸ் என்று ஒரு பிள்ளை என்று வையுங்கள். எர்னாண்டெஸ் அப்பா வழி, லோபெஸ் அம்மா வழி. அமெரிக்கப் பதிவில் கடைசிச் சொல்தான் குடும்பப் பெயர் என்று லோபெஸில் போடுவார்கள். அடுத்த பள்ளி மாவட்டத்தில் எர்னாண்டெஸில் போடுவார்கள். மூன்றாவதில் இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு. ஒரே பிள்ளைக்கு மூன்று கோப்பு, மூன்றிலும் பாதிப் படிப்பு. 03/07 என்று பிறந்த தேதி இருந்தால் அங்கே அது ஜூலை 3, இங்கே மார்ச் 7. பயிர் அறுவடைக்கு ஊர் ஊராகப் போகும் குடும்பங்களுக்காக மாநிலங்களுக்கு இடையே எம்எஸ்ஐஎக்ஸ் என்ற பதிவுப் பரிமாற்றம் இருக்கிறது. அதிலும் இந்த இரண்டு பிழைகளால் ஆட்கள் இரட்டிப்பாவார்கள். இரண்டு குடும்பப் பெயரையும், கோடு இல்லாமல், பிறப்புச் சான்றில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதச் சொல்வதுதான் மருந்து. முதலெழுத்தை முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்று கடவுச்சீட்டோடு மல்லுக்கட்டிய தமிழர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எல்லைச்சாவடி | ஆகஸ்ட் 24

தாளே இல்லாமல் வந்தால்? நம்மூரில் டி.சி. இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. இங்கே அப்படி இல்லை, ஆனால் பலருக்கு அது தெரியாது.

வாடகை கட்ட முடியாமல் அத்தை வீட்டுக் கூடத்தில் இரண்டு குடும்பமாக இருந்தால், வீடற்ற பிள்ளைகளின் படிப்புக்கான மெக்கின்னி-வென்டோ என்ற கூட்டாட்சிச் சட்டப்படி அந்தப் பிள்ளை ‘வீடற்றவர்’ வகையில் வரும். பழைய பதிவு, தடுப்பூசித் தாள், முகவரிச் சான்று எதுவும் இல்லாவிட்டாலும் உடனே சேர்க்க வேண்டும். தாளைத் தேடுவது அதற்குப் பிறகு. குடும்பங்கள் இதைக் கேட்பதில்லை, ‘வீடற்றவர்’ என்ற சொல்லே அவமானமாக இருக்கிறது. ‘எங்களுக்கு வீடு இருக்கிறது’ என்று விறைப்பாகச் சொல்லிவிட்டு மூன்று வாரம் தாளுக்கு அலைவார்கள். ‘சொந்தக்காரர் வீட்டில் சேர்ந்து இருக்கிறீர்களா’ என்று கேட்டால் பதில் சரியாக வரும்.

பெற்றோர் இங்கே இல்லை, சித்தப்பாதான் பார்த்துக்கொள்கிறார் என்றால், கலிபோர்னியாவில் பராமரிப்பாளர் உறுதிமொழிப் படிவம் ஒன்று இருக்கிறது. முதல் நான்கு கட்டங்களை நிரப்பிக் கையெழுத்துப் போட்டால் பள்ளியில் சேர்க்கவும், பள்ளி தொடர்பான மருத்துவத்துக்கும் போதும். நோட்டரி தேவையில்லை. உறவினர் என்றால் ஐந்து முதல் எட்டு வரையும் நிரப்பினால் மற்ற மருத்துவத்துக்கும் ஆகும். ‘நீதிமன்றத்தில் கார்டியன் உத்தரவு வாங்கி வா’ என்று திருப்பி அனுப்புவது தவறு.

தடுப்பூசி அட்டையில் ‘எஸ்ஆர்பி’ என்று இருந்தால் அதுதான் இங்கே எம்எம்ஆர். தெரியாமல் மறுபடி குத்துகிறார்கள். தோளில் பிசிஜி தழும்பு இருக்கும் பிள்ளைக்குக் காசநோய்த் தோல் சோதனை வீங்கினால் உடனே பதற வேண்டாம், அதற்கு இரத்தப் பரிசோதனை இருக்கிறது. நம் கையிலும் அந்தத் தழும்பு இருக்கிறதே.

வைகைக்கரை | ஆகஸ்ட் 25

குடியேற்ற ஆவணமில்லாத பிள்ளையும் சேரலாமா? நான் கேள்விப்பட்டது வேறு.

எல்லைச்சாவடி | ஆகஸ்ட் 25

சேரலாம். 1975இல் டெக்சாஸ் ஒரு சட்டம் போட்டது. ஆவணமில்லாப் பிள்ளைகளுக்கு அரசுப் பணம் கிடையாது என்றது. டைலர் என்ற ஊரின் பள்ளி மாவட்டம் அதை வைத்து ஆளுக்கு வருடம் 1,000 டாலர் கேட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய் 1982 ஜூன் 15 அன்று 5-4 என்று தீர்ந்தது. ‘பிளைலர் எதிர் டோ’. பன்னிரண்டாம் வகுப்பு வரை இலவசம், குடியேற்ற நிலையைக் கேட்டுத் தடுக்கக் கூடாது. சமூகப் பாதுகாப்பு எண் கேட்டால் ‘இல்லை’ என்று விட்டுவிடலாம்.

வேடிக்கை என்னவென்றால், முறையாக எஃப்-1 மாணவர் விசாவில் வரும் பிள்ளைதான் அரசு உயர்நிலைப் பள்ளியில் அதிகபட்சம் 12 மாதம் மட்டும், அதுவும் முழுச் செலவைக் கட்டிப் படிக்க வேண்டும்.

இன்னொரு புறம், பள்ளி, மருத்துவமனை போன்ற இடங்களில் குடியேற்ற அதிகாரிகள் கைது செய்வதைத் தவிர்க்கும் வழிகாட்டலை 2025 ஜனவரியில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை விலக்கிக்கொண்டது. சேரும் உரிமை அப்படியே இருக்கிறது. பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் தைரியம் வேறு விஷயம்.

கணக்குப்பிள்ளை | ஆகஸ்ட் 27

இழையைத் தொடங்கியவர் ஆங்கிலத்தையே பிடித்துக்கொண்டிருந்தார், அதற்கு வருகிறேன். ஆங்கிலம் பிரச்சினை இல்லை என்று நான் சொல்லவில்லை. எந்த மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு என்பதை யாரும் பார்ப்பதில்லை.

சேரும்போது ‘வீட்டு மொழிப் படிவம்’ ஒன்று தருவார்கள். குவாத்தமாலா மேட்டுநிலத்திலிருந்து வந்த அம்மா அதில் ‘ஸ்பானிஷ்’ என்று எழுதுவார். வீட்டில் பேசுவது மாயா மொழிகளான மாம், அல்லது கிச்சே, அல்லது கஞ்ஞோபால். அந்த ஊர்களில் தாய்மொழியை அலுவலகத்தில் சொன்னால் ஏளனம் என்பது பழகிப்போனது. படிவத்தின் கட்டத்திலும் ஸ்பானிஷ்தான் முதலில் அச்சாகியிருக்கும். விளைவு: பிள்ளைக்கு ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளர் வருவார், பிள்ளை தலையாட்டும், பாதி புரியாது, ‘கவனக் குறைவு’ என்று கோப்பில் ஏறும். ஓக்லண்டில் மாம் பேசுவோர் கணிசமாக இருக்கிறார்கள், ஆக்ஸ்நார்டு வயல்களில் மிஸ்தெக்கோ, லாஸ் ஏஞ்சல்ஸில் சப்போத்தெக். ‘பாட்டியோடு எந்த மொழியில் பேசுவாய்’ என்ற ஒரு கேள்வி படிவத்தின் நான்கு கேள்விகளுக்குச் சமம்.

இடைவெளி விட்டுப் படித்த பிள்ளைகள் தனி வகை. நியூயார்க்கில் இதற்குச் ‘சைஃப்’ என்று பெயர். வீட்டு மொழியில் எழுத்தறிவோ கணிதமோ இரண்டு வருடமோ அதற்கு மேலோ பின்தங்கியவர்கள். இவர்களையும், மெக்சிகோ நகரில் பிரெபா முதலாண்டு முடித்த பையனையும் ஒரே ‘புதியவர்’ வகுப்பில் போட்டு ‘திஸ் இஸ் எ பென்சில்’ நடத்துவார்கள். ஒருவருக்கு மலை, இன்னொருவருக்குத் தாலாட்டு.

அந்த இரண்டாவது பையனுக்கு அட்டவணையில் காலி இருக்கும் இடத்தில் ‘ஸ்பானிஷ் 1’ போடுவது இன்னொரு கொடுமை. வணக்கம் சொல்லக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு. அவனை ஏபி ஸ்பானிஷில், அதாவது கல்லூரி நிலை ஸ்பானிஷில் போட வேண்டும்.

கணக்குப்பிள்ளை | ஆகஸ்ட் 28

நேற்றுச் சொன்னதில் அவசரம். ஏபி ஸ்பானிஷ் எல்லாருக்கும் இல்லை. நன்றாகப் பேசினாலும் பத்திரிகைக் கட்டுரையைப் படித்து வாதம் எழுதத் தெரிய வேண்டும். ஆறாம் வகுப்போடு நின்ற பிள்ளைக்கும், ஸ்பானிஷே இரண்டாம் மொழியான மாம் பிள்ளைக்கும் அது இன்னொரு ஆங்கில வகுப்பு மாதிரிதான். அவர்களுக்கு ‘தாய்மொழியாளருக்கான ஸ்பானிஷ்’ என்ற வகுப்பு முதலில், அது இருக்கும் பள்ளியில்.

எல்லைச்சாவடி | செப்டம்பர் 2

வேலையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. கூட்டி வந்தவருக்குக் கடன், ஊரில் தம்பிக்குப் பள்ளிச் செலவு. பதினாறு வயதுப் பையன் இங்கே மாணவன், அங்கே சம்பாதிக்கும் அண்ணன்.

கூட்டாட்சிச் சட்டத்தின்படி 14, 15 வயதுக்காரர் பள்ளி நாளில் 3 மணி நேரம், பள்ளி வாரத்தில் 18 மணி நேரம், மாலை 7 வரை. பதினாறு ஆகிவிட்டால் மணிக்கணக்குக்கு எல்லையே இல்லை, ஆபத்தான வேலை மட்டும் கூடாது. மாநிலச் சட்டம் கடுமையாக இருக்கலாம். போலி அடையாளத்தோடு போகிறவரைச் சட்டம் தேடிப் பிடிப்பதும் அரிது. 2023 பிப்ரவரியில் தொழிலாளர் துறை அறிவித்த ஒரே விசாரணையில், 8 மாநிலங்களின் 13 இறைச்சிக் கூடங்களில் இரவில் எந்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்த 13 முதல் 17 வயதுள்ள 102 பேர் சிக்கினார்கள்.

பள்ளிக்கு என்ன செய்ய முடியும்? அட்டவணை. இரவுப் பணி முடித்து வருபவன் முதல் பீரியடைத் தவறவிடுவான், அது உறுதி. அந்தப் பீரியடில் அல்ஜீப்ராவோ ஆங்கிலமோ இருந்தால் அந்தக் கிரெடிட் போனது. அங்கே விருப்பப் பாடத்தை வைத்து, கட்டாயப் பாடத்தை மூன்றாவது பீரியடுக்குத் தள்ளுவது பள்ளியின் மாணவர் ஆலோசகரான ஒரு கவுன்சிலரின் பதினைந்து நிமிட வேலை. மாலைப் பள்ளி நல்லது, ஆனால் சில மாலைத் திட்டங்கள் பட்டயம் தராமல், அதற்கு ஈடான ஜிஇடி தேர்வுக்கு மட்டும் தயார் செய்பவை. சேரும் முன் ‘முடிவில் எந்தத் தாள் வரும்’ என்று கேட்க வேண்டும்.

வைகைக்கரை | செப்டம்பர் 3

கைபேசியில் அம்மா தினமும் பார்க்கிறாரே, அப்புறம் என்ன பிரிவு?

கணக்குப்பிள்ளை | செப்டம்பர் 3

வாட்ஸ்அப்பில் அம்மா ‘சாப்பிட்டாயா’ என்று கேட்பார், ‘உயிரியலில் ஏன் டி’ என்று கேட்க மாட்டார். டி என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. அவர் ஊரில் பத்துக்கு எட்டு. மறுபுறம், எட்டு வருடம் முன்னால் வந்துவிட்ட அம்மாவிடம் பிள்ளை பதினைந்து வயதில் வந்து சேரும். பாட்டியைத்தான் அது ‘அம்மா’ என்று கூப்பிட்டு வளர்ந்திருக்கும். இப்போது பாட்டி கைபேசியில், புது அப்பாவும் ஆங்கிலம் பேசும் தம்பியும் வீட்டில். சுவாரெஸ்-ஓரோஸ்கோ தம்பதியர் குழுவின் நீண்ட ஆய்வில், குடியேறிய லத்தீனோ மாணவர்களில் 85 சதவீதம் பேர் பெற்றோரில் ஒருவரையோ இருவரையோ நெடுநாள் பிரிந்திருந்தவர்கள்.

பெற்றோர் சந்திப்புக்கு ‘யார் வருவார்’ என்ற கேள்விக்கு இரண்டு வரி தேவை. கையெழுத்துப் போடுபவர் யார், பிள்ளை பேச்சைக் கேட்பது யாரிடம். இரண்டாமவர் ஊரில் இருந்தால் வீடியோ அழைப்பில் சேர்த்துக்கொள்ளலாம். மத்திய அமெரிக்க நேரம் அமெரிக்க மையப்பகுதி நேரத்தோடு ஒன்றரை மணி இரண்டு மணி வித்தியாசம்தான் வரும்.

கணக்குப்பிள்ளை | செப்டம்பர் 5

இரண்டு திருத்தம். அந்த 85 சதவீதம் லத்தீனோக்கள் மட்டும் அல்ல. அந்தக் குழுவில் சீனா, ஹைட்டி பிள்ளைகளும் உண்டு. இரண்டாவது, ஒன்றரை மணி என்று எழுதியது தூக்கக் கலக்கம். குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடோர் மூன்றும் குளிர்காலத்தில் டெக்சாஸ் மணியேதான். கோடையில் டெக்சாஸ் கடிகாரத்தை முன் தள்ளுவதால் ஒரு மணி வித்தியாசம். அரை மணிக் கணக்கு நம் ஊர்ப் பழக்கம்.

எல்லைச்சாவடி | செப்டம்பர் 5

விட்டுவிடுங்கள் அண்ணே, இந்திய நேரம் போகாது.

கணக்குப்பிள்ளை | செப்டம்பர் 9

டிசம்பர் பயணம். மெக்சிகோக் குடும்பங்களில் போக வர முடிந்தவர்கள் டிசம்பர் நடுவில் வண்டி கட்டினால் ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் நாள் முடிந்துதான் திரும்புவார்கள். நேர்த்திக்கடன், பாட்டியின் உடல்நிலை, தங்கையின் பதினைந்து வயதுச் சடங்கு, எல்லாம் அந்த மூன்று வாரச் சொச்சத்தில். பள்ளியில் முதல் அரையாண்டுத் தேர்வு அதே சமயம்.

கலிபோர்னியாவில் இதற்கு ‘சுயப் படிப்பு ஒப்பந்தம்’ இருக்கிறது. போவதற்கு முன்பே எழுத்தில் கையெழுத்தாகிவிடுவது நல்லது. திரும்பி வந்து கேட்டால் பயன் குறைவு. மாவட்டத்துக்கும் இது லாபம், அங்கே பணம் வருகை நாளைப் பொறுத்தது. பாடப் பொட்டலத்தில் இணையம் தேவைப்படும் வேலையை மட்டும் கொடுத்தால் மலைக் கிராமத்தில் நடக்காது, அச்சிட்ட தாளும் வேண்டும்.

திரும்பாமலே போனால்? இங்கேதான் கணக்கின் சூட்சுமம். உயர்நிலைப் பள்ளியின் தேர்ச்சி விகிதம் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த கூட்டத்தை நான்கு வருடம் பின்தொடர்ந்து எடுப்பது. வேறு நாட்டுக்குப் போனவரைக் கழிக்கலாம், ஆனால் எழுத்துச் சான்று வேண்டும். சான்று இல்லாவிட்டால் அவர் ‘இடைநின்றவர்’. மெக்சிகோவின் மொரேலியாவில் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பையன் இந்தக் கணக்கில் படிப்பை விட்டவன். இடைநிற்றல் விகிதத்தை வைத்து ஆங்கிலத்தைக் குற்றம் சாட்டும் வைகைக்கரை ஐயா இதைக் கவனிக்க.

அதே கணக்குத்தான் பதினேழு வயதில் வருபவரைப் பள்ளிகள் ‘வயது வந்தோர் மையத்துக்குப் போ’ என்று நைசாகத் தட்டிவிடவும் காரணம். நான்கு வருடத்தில் முடிக்க மாட்டான், விகிதம் கெடும். நியூயார்க்கில் 21 வயதாகும் பள்ளி ஆண்டு முடியும் வரை உரிமை உண்டு. டெக்சாஸில் செப்டம்பர் 1 அன்று 21 ஆகாதவருக்கு உரிமை, 26 வரை சேர்த்துக்கொள்ள மாவட்டத்துக்கு அனுமதி.

எல்லைச்சாவடி | செப்டம்பர் 10

திரும்பிப் போனவர் கதையும் லேசில்லை. நெடுங்காலம் மெக்சிகோப் பள்ளிகள் அமெரிக்கத் தாளில் அப்போஸ்தில் முத்திரை, அதாவது வெளிநாட்டு ஆவணம் உண்மையானது என்று உறுதி செய்யும் முத்திரை கேட்டன. அதை அந்தந்த அமெரிக்க மாநிலத்தில்தான் வாங்க முடியும், நாடு கடத்தப்பட்ட அப்பா எங்கே போய் வாங்குவார்? 2015 ஜூனில் கல்வி அமைச்சகம் விதியைத் திருத்தி முத்திரையையும் அதிகாரபூர்வ மொழிபெயர்ப்பையும் கைவிட்டது. தலைமையாசிரியர் இன்னும் கேட்டால் அந்தத் திருத்தத்தைக் காட்ட வேண்டும்.

உள்ளே போனால் வேறு சிக்கல். பேச்சு ஸ்பானிஷ் சரளம், எழுத்தில் உச்சரிப்புக் குறி ஒன்றும் விழாது. வரலாற்றில் 1846-48 போர் டெக்சாஸ் பாடத்தில் ‘மெக்சிகோ-அமெரிக்கப் போர்’, அங்கே ‘அமெரிக்கத் தலையீடு’. கணிதத்தில் ‘பில்லியோன்’ என்றால் ஒன்றுக்குப் பின் 12 பூஜ்யம், அமெரிக்க பில்லியனுக்கு 9. வகுத்தல் கணக்கில் அங்கே கழித்தலை மனதில் செய்து மீதியை மட்டும் எழுதுவார்கள். இந்தப் பக்கம் வந்தால் ‘வழியைக் காட்டவில்லை’ என்று மதிப்பெண் வெட்டு, அந்தப் பக்கம் போனால் ‘ஏன் இவ்வளவு எழுதுகிறாய்’ என்று கேள்வி.

இப்படிப்பட்டவர்களை ‘நாடு கடந்த மாணவர்கள்’ என்று பெயரிட்டு நுவேவோ லியோன், சக்காத்தெக்காஸ் பள்ளிகளில் தேடி எண்ணியவர்கள் விக்தோர் சூன்யிகாவும் எட்மண்ட் ஹாமனும். ஆங்கில வகுப்பில் ஆசிரியரைவிட நன்றாகப் பேசும் பிள்ளை கடைசி பெஞ்சில் வாயை மூடிக்கொண்டு இருக்கும்.

அப்பாவை நாடு கடத்தியதால் எல்லைக்கு அந்தப் பக்கம் டிஹுவானாவுக்குப் போன பிள்ளைக்கு ஒரு கதவு உண்டு. கலிபோர்னியாவில் 2018 முதல் அமலில் உள்ள சட்டம் ஒன்று, பெற்றோர் விருப்பமின்றி வெளியேற்றப்பட்டு, பிள்ளை அதற்குச் சற்று முன்வரை மாநிலத்தில் வசித்திருந்தால், பள்ளிக்கான வசிப்பிடத் தகுதியைக் கொடுக்கிறது. ஆனால் வெறுமனே அமெரிக்காவில் பிறந்தவன் என்பதற்காக தினமும் எல்லை கடந்து வந்து படிக்க முடியாது. பள்ளி பார்ப்பது குடியுரிமையை அல்ல, வசிப்பிடத்தை. விடிகாலை நான்கு மணிக்கு சான் இசித்ரோ எல்லைச் சாவடி வரிசையில் புத்தகப்பையோடு நிற்கும் பலர் இந்தப் பயத்தோடுதான் நிற்கிறார்கள்.

வைகைக்கரை | செப்டம்பர் 13

முடித்த பிறகு டாக்கா இருக்கிறதே? வேலை அனுமதி கிடைக்குமே.

கணக்குப்பிள்ளை | செப்டம்பர் 14

வங்கதேசத் தலைநகரைச் சொல்லவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். டாக்கா என்பது சிறுவயதில் வந்த ஆவணமில்லாதவரை நாடு கடத்துவதைத் தள்ளிவைக்கும் திட்டம், 2012 ஜூன் 15 அறிவிப்பு (பிளைலர் தீர்ப்பின் அதே தேதி, முப்பது வருடம் கழித்து). அதற்குத் தகுதி 2007 ஜூன் 15 முதல் தொடர்ந்து அமெரிக்காவில் இருந்திருக்க வேண்டும். இன்று பள்ளியில் இருக்கும் பதினேழு வயதுப் பிள்ளை அன்று பிறக்கவே இல்லை. ‘டாக்கா மாணவர்’ என்று பள்ளிச் சுவரொட்டியில் இன்னும் இருப்பது பழைய பஞ்சாங்கம்.

தனியாக வந்து, பெற்றோரில் ஒருவராலாவது கைவிடப்பட்டோ துன்புறுத்தப்பட்டோ இருந்த பிள்ளைக்குச் ‘சிறப்புக் குடியேற்றச் சிறார்’ வழி உண்டு. மனு 21 வயதுக்குள். ஆனால் முதலில் மாநில நீதிமன்ற உத்தரவு வேண்டும், பல மாநிலங்களில் அந்த நீதிமன்றத்தின் கை 18 வயதோடு நின்றுவிடும். பதினேழரையில் ஒரு கவுன்சிலர் ‘பார்க்கலாம்’ என்று மூன்று மாதம் கடத்தினால் கதவு மூடிவிடும்.

கலிபோர்னியாவில் பட்டயத்துக்கு ஒரு முக்கியமான சட்டம். லாஸ் ஏஞ்சல்ஸ் பள்ளி மாவட்டம் 210 கிரெடிட் கேட்கும். மாநிலத்தின் குறைந்தபட்சம் 13 ஆண்டுப் பாடங்கள், அதாவது 130: ஆங்கிலம் 3, கணிதம் 2, அறிவியல் 2, சமூக அறிவியல் 3, கலை அல்லது மொழி அல்லது தொழில் 1, உடற்பயிற்சி 2. உயர்நிலையின் மூன்றாவது, நான்காவது ஆண்டில் வந்த புதியவருக்கும், விவசாயத்துக்காக இடம்பெயரும் குடும்பப் பிள்ளைக்கும், மாவட்டத்தின் கூடுதல் பாடங்களிலிருந்து விலக்கு தரும் சட்டம் 2018இல் வந்தது. மூன்றாவது ஆண்டா என்று தீர்மானிக்கக் கிரெடிட், படித்த காலம், இடைவெளி இருந்தால் வயது, எது பிள்ளைக்குச் சாதகமோ அது. 30 நாளில் பள்ளி இதைத் தெரிவிக்க வேண்டும்.

இதில் ஒரு பொறி. விலக்கோடு வாங்கும் பட்டயம் நேரடியாக யூசி, சிஎஸ்யு என்ற கலிபோர்னிய அரசுப் பல்கலைக்கழகங்களுக்குத் தேவையான 15 பாடங்களைக் கொடுக்காது. சமூகக் கல்லூரி வழியாகப் போகலாம். ஐந்தாவது வருடம் தங்கிப் படிக்கும் தேர்வும் உண்டு, சாவகாசமாகக் கேட்டு முடிவு செய்ய வேண்டியது. அந்த 15இல் ‘வேற்று மொழி’ இரண்டு வருடத்தை, ஆறாம் வகுப்பிலோ அதற்கு மேலோ ஆங்கிலமல்லாத பள்ளியில் இரண்டு வருடம் நல்ல மதிப்பெண்ணோடு படித்ததைக் காட்டியே கழிக்கலாம். ஆக, ஒன்பதாம் வகுப்புக் கிரெடிட்டுக்குத் தேடிய அதே பொலேத்தா இங்கே மறுபடி உதவும். தூக்கிப் போடாதீர்கள்.

எல்லைச்சாவடி | செப்டம்பர் 14

கட்டணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆவணமில்லா மாணவருக்கு மாநிலவாசிக் கட்டணம் முதலில் கொடுத்தது டெக்சாஸ், 2001இல். அதே வருடம் கலிபோர்னியாவின் ஏபி 540 சட்டம். டெக்சாஸில் அது 2025 ஜூனில் போய்விட்டது. கூட்டாட்சி அரசு வழக்குப் போட்டது, மாநிலம் எதிர்க்காமல் ஒத்துக்கொண்டது, அன்றே தீர்ப்பு. பழைய பதிவுகளைப் பார்த்து யாருக்கும் ஆலோசனை சொல்லிவிடாதீர்கள்.

வைகைக்கரை | செப்டம்பர் 20

முதல் வரியைத் திருத்துகிறேன்: ‘ஆங்கிலம்தான்’ என்பதில் ‘தான்’ எடுத்துவிடலாம். ஒரு சந்தேகம் மட்டும். எல் சால்வடோர் தாள் ஒன்றைப் பார்க்க நேர்ந்தது. பச்சியெராத்தோ முதல் வருடம், கணிதம் 6. அறுபது சதவீதம் என்றால் டி தானே?

கணக்குப்பிள்ளை | செப்டம்பர் 20

இல்லை. அங்கே பச்சியெராத்தோவில் 6 தேர்ச்சி, ஒன்பதாம் வகுப்பு வரை 5 போதும். மெக்சிகோவிலும் 6. குவாத்தமாலாவில் நூற்றுக்கு 60. பத்தால் பெருக்கி அமெரிக்க எழுத்தாக்கினால் தேர்ச்சி பெற்ற பிள்ளையைத் தோற்கடித்த மாதிரி. தாளின் பின்பக்கம் பாருங்கள், பெரும்பாலும் அளவுகோல் சின்ன எழுத்தில் அச்சாகியிருக்கும். நகல் எடுப்பவர்கள் முன்பக்கத்தை மட்டும்தான் எடுப்பார்கள்.